இருமுறை கேட்பீர்கள்

இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்தால் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளின் மண்டையைப் பிளந்துவிடுவது என்று கோகிலவாணி முடிவு செய்தபோது, மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், இந்த உரையை நீங்கள் இருமுறை கேட்பீர்கள் என்று ஜெர்மனில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவாள். நாளைக் காலையில் தேர்வு. ஓடவிட்டதைக் கேட்டுப் புரிந்துகொண்டு பதில் எழுத வேண்டும், அதில் தேறினால்தான் இந்தக் கெம்னிட்ஸ் நகரத்தில் நெசவு எந்திரப் படிப்புக்கு இடம். ஸ்பீக்கரில் ஒருவன் ரயிலில் ஜன்னலோர இருக்கை கேட்கிறான். கவுண்டர்காரி எந்தத் தேதி என்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமான ஒன்று அலமாரியில் போய் மோதுகிறது. ஜன்னலோரம் இல்லையே, நடைபாதை ஓரம் பரவாயில்லையா என்கிறாள் கவுண்டர்காரி. மோதியது நாற்காலியா முதுகா? நாற்காலி என்றால் மரச்சத்தம் வரும். இது மரச்சத்தம் இல்லை. கோகிலவாணிக்கு இந்த வித்தியாசமெல்லாம் நடக்கப் பழகும் முன்னாலேயே அத்துப்படி, இதற்கு ஒரு தேர்வு வைத்தால் முதல் மார்க் அவளுக்குத்தான். மூன்றாம் மாடி, ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டிடம் முழுக்க உண்ட மயக்கத்தில் இருக்கிறது. நடைபாதை ஓரம் சரி என்றான் ரயிலுக்குப் போகிறவன், அவன் குரலில்தான் எத்தனை சமாதானம். அவனையும் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

தோசைக்கல் நல்ல கனம். அம்மா அதைப் புடவைக்குள் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியபோது விமான நிலையத்தில் திறந்து பார்த்து இதென்ன ஆயுதமா என்று கேட்டார்கள், சமையல் சாமான் சார் என்று அசடு வழிந்தாள். இப்போது கேட்டால் ஆயுதம்தான் என்பாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து விளிம்புப் பக்கமாக இறக்கினால் காதுக்கு மேலே அந்த நரைமுடி வகிடில் சரியாக விழும். பக்கத்து வீட்டு லிண்ட்னருக்கு அழகான வகிடு. ஆள் தினமும் சவரம் செய்து, லிஃப்டில் அவளுக்குக் கதவைப் பிடித்து, குட்டன் டாக் சொல்லி, குப்பையை நிறவாரியாகப் பிரித்துப் போடுகிற மனிதர். தயிர் டப்பாவை அவள் காகிதத் தொட்டியில் போட்டுவிட்டாள் என்று ஒரு நாள் அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, இது மஞ்சள் தொட்டி என்று சிரித்தபடி கையில் கொடுத்தார். இன்னொரு ஞாயிறு, தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. வாசலில் லிண்ட்னர். இன்று ஞாயிறு, என்றார், தப்பு செய்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை துளை போடக் கூடாது, கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் எறியக் கூடாது, மிக்ஸி கூடாது. மீறினால் போலீஸே வரும் என்று மொழி வகுப்பில் ஆசிரியை ஃப்ராவ் ஹெஸ்ஸே சொல்லி, கொலை செய்வதாக இருந்தாலும் திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்று சேர்த்துக்கொண்டார், வகுப்பே சிரித்தது. கோகிலவாணியும் சிரித்தாள். அன்று அரைபட்டும் படாமலும் இருந்த சட்னியைத் தின்றபோது கூட லிண்ட்னர்மேல் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. மிக்ஸி சத்தமாம், பெண்டாட்டியின் தலை அலமாரியில் இடிப்பது சத்தமில்லையாம். இறக்கு. விளிம்புப் பக்கமாக இறக்கு. இரத்தம் வகிடு வழியாக மூக்குக்கு வருவதையும், அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் எங்கே போய் ஒட்டிக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறுவதையும் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்தக் கையை அவளுக்குத் தெரியும், அது அப்பாவின் கை. அதே கட்டை விரல், அதே மணிக்கட்டு எலும்பு. முகம் அம்மா மாதிரி, கை அர்த்தநாரி மாதிரி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

அர்த்தநாரி. பாதி உடம்பைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமியின் பெயரை வைத்துக்கொண்டு அப்பா செய்ததெல்லாம் ஊருக்கே தெரியும், தெரியாத மாதிரி ஊரே இருந்தது. குமாரபாளையத்தில் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் விசைத்தறி. பகலெல்லாம் தறிச்சத்தம், தெரு முழுக்க அதே சத்தம், அந்த ஊரில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. அப்பாவுக்கு முகம் மாறுகிறது என்று தெரிந்ததும் அம்மா முதலில் செய்வது ஒன்றுதான். அடுப்பை அணைப்பாள் என்று நினைத்தால் தப்பு, ஓடுவாள் என்று நினைத்தாலும் தப்பு. கோகிலவாணியைப் பார்த்து, தறியப் போட்டு உடு சாமி, என்பாள். தண்ணி கொண்டா என்கிற மாதிரி சொல்வாள். இவள் ஷெட்டுக்கு ஓடிப்போய் சுவிட்சைத் தட்டுவாள், தறி தடதடவென்று பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு சமையலறையில் நடப்பது தெருவுக்குக் கேட்காது. இவளுக்குக் கேட்கும். தறிக்கு அடியில் ஓடுகிற மற்ற சத்தத்தைப் பிரித்து எடுக்க அவள் காது தானாகவே கற்றுக்கொண்டது. சத்தம் போட்டு மூடுவதுதான் அம்மாவுக்கு அவள் செய்த ஒரே உதவி, ஓடிப்போய் சுவிட்சைத் தட்டும்போது அம்மாவைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் நெய்த துண்டும் துண்டுதானே, சந்தைக்குப் போனது, யார் யாரோ அதில் முகம் துடைத்தார்கள். ஒருநாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. தெருவில் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றது. அப்பா நிறுத்தவில்லை. தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடாவை எடுத்து வீசினார், இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த நாடா, அம்மாவின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. அப்புறம் காதோடு சேர்த்து ஓர் அறை. அந்த இடது காது அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. அம்மா கத்தியதைத் தெரு முழுக்கக் கேட்டது. மறுநாள் எதிர்வீட்டு அக்கா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெயிலுக்கு நல்லதுங்க, என்று சொல்லிப் போனாள். அம்மா அழுதது அந்த மோருக்குத்தான். அடிபட்டதற்கு அழவில்லை, தெரிந்துபோயிற்றே என்று அழுதாள்.

இப்போது அந்தப் பக்கம் குரல். லிண்ட்னரின் மனைவி மரியோனின் குரல். ஹ்யோர் ஆஃப். நிறுத்து. பிட்டே, ஹ்யோர் ஆஃப். தயவுசெய்து நிறுத்து. வகுப்பில் கற்ற ஜெர்மனில் எல்லோரும் மேசை முன்பதிவு செய்வார்கள், வானிலை பற்றி ஆச்சரியப்படுவார்கள், மாமாவின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று இரண்டு பக்கத்துக்கு யோசிப்பார்கள். இந்தச் சுவர்தான் அவளுக்கு மற்ற ஜெர்மனைக் கற்றுக்கொடுத்தது. முகத்தில் வேண்டாம். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது, முகத்தில் வேண்டாம். இது ஃப்ராவ் ஹெஸ்ஸேயின் எந்தப் பாடத்திலும் வராது. குடிவந்த புதிதில் மரியோன் ஒரு தட்டில் பிளம்ஸ் கேக்கோடு வந்து, இங்கே சுவரெல்லாம் மெல்லிசு, எல்லாம் கேட்கும், எங்களை மன்னித்துக்கொள் பெண்ணே, என்றாள். டிவி சத்தத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, பரவாயில்லை, எங்கள் ஊரில் இதைவிடச் சத்தம், என்று பெருமையாகப் பதில் சொன்னாள் கோகிலவாணி. அந்தப் பதிலை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருக்கிறது. போன் கையிலேயே இருக்கிறது. போலீஸுக்குப் போன் செய்வது எப்படி என்பது ஒரு முழுப் பாடம், யார் பேசுகிறீர்கள், எங்கே, என்ன நடந்தது, அப்புறம் போனை வைக்காமல் காத்திருங்கள். அதில் ஒரு கட்டிடத்துக்கே நெருப்பு வைத்துப் பொய்யாகக் கூப்பிட்டு, பிரமாதம் என்று பெயர் வாங்கியவள் அவள். வகுப்பில் நெருப்பு காகிதத்தில் இருந்தது. இங்கே கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள், லிண்ட்னர் கதவைத் திறந்து சிரிப்பார், மரியோன் பின்னால் நின்று ஒன்றுமில்லையே என்பாள். அம்மா அப்படித்தான் சொல்வாள், படியில் வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் படியே இல்லாத அம்மா சொல்வாள். பிறகு போலீஸ் போய்விடும். போனபிறகு? கூப்பிட்டது யார் என்று அந்த ஆளுக்குத் தெரியும்போது, அடி யாருக்கு விழும்? அவளுக்கு விழும். அப்புறம் இவளுக்கு. விசாவோடு வந்திருக்கிற கறுப்புப் பெண், நாளைக்குத் தேர்வு, அந்த ஆள் லிஃப்டில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எண்ணை அழுத்தினாள், அழித்தாள். அழுத்தினாள். சத்தம் நின்றது, அப்பாடா என்று எண்ணை மறுபடி அழித்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள், உடனே அப்படி நினைத்ததற்காகத் தன் தொடையைத் தானே கிள்ளினாள், தோல் கன்றும்வரை கிள்ளினாள்.

கவிழ்ந்து கிடந்த போன் அதிர்ந்தது. அம்மா. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுகிற நேரம்தான். எடுத்ததும் திரையில் அம்மாவின் வலது காது தெரிந்தது. வீடியோ போட்டாலும் அம்மா போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள், கேட்கிற காது அது ஒன்றுதான். "சாப்டியா கண்ணு? நாளைக்குத்தானே பரிச்ச?" ஆமாம்மா என்றாள். "திருநீறு வெச்சுட்டுப் போ. பாலாவது குடிச்சுட்டுப் போ." சரிம்மா. அப்போது சுவர் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை கண்ணாடி உடைந்தது, அதன்மேல் அந்தக் குரல், ஹ்யோர் ஆஃப், இழுத்துப் பிடித்த மூச்சில். அம்மா பேச்சை நிறுத்தினாள். எத்தனையோ கடல் தாண்டி, போனுக்குள்ளே, இருக்கிற ஒற்றைக் காதுக்கு அது கேட்டுவிட்டது. "என்ன சத்தங் கண்ணு அங்க?"

"பக்கத்து ஊட்டுலம்மா."

"அடிக்கறானா?"

"உம்."

அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அம்மா கேட்கவும் இல்லை.  அம்மா தாழ்ந்த குரலில், "நீ எதையாச்சும் சத்தமாப் போட்டு உடு சாமி. பாவம் அந்தப் புள்ளைக்கு, நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்," என்றாள். அம்மா, என்று ஆரம்பித்தாள் கோகிலவாணி. போலீஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தாள், நீ கத்தினப்ப யாராவது சொல்லியிருக்கணும்தானே என்று கேட்க நினைத்தாள், இந்த வயது வரைக்கும் கேட்காத கேள்வி. அதற்குள் போனுக்குப் பின்னாலிருந்து, "ஆரு போன்ல?" என்று அப்பாவின் குரல். அம்மாவின் குரல் உடனே மாறியது, மேலே ஏறியது, பளபளவென்று ஆனது. "பாப்பாதானுங்க! படிச்சுட்டு இருக்குதுங்க!" என்றாள். காது திரையை விட்டுப் போனது, போன் கட்டானது. இந்த வயதிலும் அந்தக் குரல் மாற ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை. கோகிலவாணிக்கு அழுகை வந்தது, அழுகைக்கு முன்னால் கை போய்விட்டது. ஸ்பீக்கரின் பொத்தானைத் தடவி, அது போகிற வரைக்கும் திருகியது. சுவிட்சைத் தட்டிய அதே கை.

ரயில் நிலையம் அறைக்குள் வந்து விழுந்தது. கவனிக்கவும், என்று அறிவிப்பாளர் அலறினார், டிரெஸ்டனிலிருந்து வரும் வண்டி தாமதம். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. ஜன்னலோரம் இல்லையே என்று கவுண்டர்காரி கட்டிடம் முழுக்கக் கேட்கக் கத்தினாள், நடைபாதை ஓரம் சரி என்று அவன் பதிலுக்குக் கத்தினான். கோகிலவாணி கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தறி ஓடுகிறது, இனி தெருவுக்குக் கேட்காது. மானம் பத்திரம். யாருடைய மானம்? லிண்ட்னரின் மானம்தான் இப்போது பத்திரமாக இருக்கிறது, அர்த்தநாரியின் மானத்தைத்தான் அவள் சின்ன வயதெல்லாம் ஓடி ஓடிக் காப்பாற்றினாள். அடிக்கிறவனுக்குத் தறி ஓட்டியிருக்கிறேன் என்று அவள் தமிழில் வாய்விட்டே சொன்னாள், அந்த இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. நிறுத்து, எழுந்து நிறுத்து. எழவில்லை, உரை முடிந்து முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஓடியது. நிறுத்தினால் கேட்கும். கேட்டால் ஏதாவது செய்ய வேண்டும். இரைச்சலுக்கு அடியில் பழைய பழக்கத்தில் காது அந்த மற்ற சத்தத்தைத் தேடியது, பிரித்து எடுக்கப் பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. அடி இல்லை, குரல் இல்லை, நடை கூட இல்லை.  அடி நின்றால் நல்லதுதானே என்று ஒரு புத்தி சொன்னது. செத்துவிட்டாளோ என்று இன்னொன்று சொன்னது. கண்ணாடித் துண்டு, அந்த வெள்ளைக் கழுத்து, தரையில் பிளம்ஸ் கேக் தட்டு. நான் ரயில் விட்டுக்கொண்டிருந்தபோது அவள் செத்துப்போனாள். நாளைக்குத் தேர்வில் யாராவது ஜன்னலோர இருக்கை கேட்கும்போது எனக்கு இதுதான் கேட்கும், சாகும்வரை இதுதான் கேட்கும். அவள் எழுந்தாள், சமையல் மேடைக்குப் போனாள், தோசைக்கல்லை எடுத்தாள். அது கையில் இருக்கிறபோது கதவு மணி அடித்தது.

லிண்ட்னர் என்றே நினைத்தாள். அடிக்கவே போனாள், அது சத்தியம், கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். வாசலில் போலீஸ். பின்னல் போட்ட ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும். அவன் கை இடுப்புக்குப் போனது. அவள் கல்லைக் கீழே இறக்கி, "சமையல்," என்றாள், ஒரே ஒரு சொல்தான் வந்தது. பின்னல்காரி உள்ளே எட்டிப்பார்த்து, முதலில் அதை நிறுத்துங்கள் என்று கையால் காட்டினாள். கோகிலவாணி போய் நிறுத்தினாள். அமைதி வந்தது, கரண்ட் போன தெருவின் அமைதி. பின்னல்காரி ஒவ்வொரு சொல்லாக, அந்நியருக்குச் சொல்கிற நிதானத்தில் சொன்னாள்: இன்று ஞாயிறு, அதிகச் சத்தம் என்று புகார் வந்திருக்கிறது. எல்லாம் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. மரியோன் நின்றாள். முடி புதிதாகச் சீவியிருந்தது, கழுத்துவரை மூடிய சட்டை, கையில் போன். அவளுக்குப் பின்னால் லிண்ட்னர், அவள் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு, வகிடு கலையாமல். "நான்தான் கூப்பிடச் சொன்னேன்," என்றார் போலீஸிடம், "நல்ல பெண்தான், எங்கள் வழக்கம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லையா."  தோள்மேல் இருந்த அந்தக் கைக்கு அடியிலிருந்து மரியோன் கோகிலவாணியைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் கையில் போன் கிடைத்தது இந்த ஒரு புகாருக்காகத்தான், அந்த ஒரு புகாரில் இரண்டு போலீஸைத் தன் வாசலுக்கே வரவழைத்துவிட்டாள், இனி அவளால் ஆவது ஒன்றுமில்லை. இது கோகிலவாணிக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. அம்மா ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கும் பார்வை அவளுக்குத் தெரியும், இது அது இல்லை. இது தறியை நிறுத்தச் சொல்கிற பார்வை.

"சரி, இனி கவனமாக இருங்கள்," என்று பின்னல்காரி முடித்தாள். இளைஞன் படிப்பக்கம் திரும்பிவிட்டான். சொல். யார் பேசுகிறீர்கள், எங்கே, என்ன நடந்தது. வகுப்பில் வாங்கிய பிரமாதமெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது, ஒரு வாக்கியம் வரவில்லை, ஒரு சொல் வரவில்லை, நன்றி, மன்னிக்கவும், நல்ல நாள் ஆகட்டும் என்று வாய் அதன் போக்கில் கும்பிடு போடத் தயாரானது. லிண்ட்னர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. கோகிலவாணி வாயைத் திறந்தாள், அதிலிருந்து சுவர் பேசியது. "ஹ்யோர் ஆஃப்," என்றாள். "பிட்டே, ஹ்யோர் ஆஃப். முகத்தில் வேண்டாம். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது, முகத்தில் வேண்டாம்." அவள் குரலே இல்லை அது, இழுத்துப் பிடித்த அந்த மூச்சோடு, அந்த விக்கலோடு மரியோனின் குரலாக அப்படியே வந்தது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த இளைஞன் நின்றான். லிண்ட்னரின் கை மரியோனின் தோளிலிருந்து மெல்ல எடுபட்டது. மரியோன் கண்ணை மூடிக்கொண்டாள். கோகிலவாணி தோசைக்கல் இல்லாத கையால் சுவரைக் காட்டினாள்.

பின்னல்காரி லிண்ட்னரைப் பார்த்தாள், மரியோனின் மூடிய காலரைப் பார்த்தாள், பிறகு கோகிலவாணிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தாள். "இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றாள்.

கோகிலவாணி சொன்னாள், இந்த முறை மூன்று மாடிக்கும் கேட்கும்படி.